அரை மில்லிமீற்றர் விஷயம்: மகனின் வேட்டைத் துவக்குக்கு வாங்கிய மூன்று சோக் ரியூப்புகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாகப் பழுப்புக் கடதாசிச் சுருள்கள் கிடக்கின்றன. மொத்தம் 24 தாள். ஒவ்வொன்றிலும் துவக்கால் சுட்டு விழுந்த, மிளகுப் பருமனில் ஓட்டைகள். ஒன்ராறியோவில் மகன் வீட்டிலிருந்து திரும்பும்போது இவற்றைச் சுருட்டிப் பெட்டியில் கொண்டுவந்தேன். துவக்கும், அதன் குழல் வாயில் திருகிப் போடும் சோக் ரியூப்புகளும் அங்கே மகனின் பூட்டிய இரும்பு அலுமாரியில் இருக்கின்றன. துவக்கோடு சேர்ந்த எதையும், ஒரு சின்ன ரியூப் என்றாலும், பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவது புத்தியில்லை. கடதாசியைக் கொண்டுவர யாரும் தடை சொல்லவில்லை. எனக்குத் தேவையான கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பஞ்சிகாவத்தையில் 31 வருடம் லேத் பட்டறை வைத்திருந்தேன். எஞ்சின் சிலிண்டர் போர் பண்ணுவதுதான் முக்கியமான வேலை. உள்விட்டம் அளப்பது எனக்குக் கைப்பழக்கம். மகன் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் எடுத்து, பாதுகாப்பு வகுப்பெல்லாம் முடித்து, செப்டெம்பரிலிருந்து கனடா கூஸ் என்ற பெரிய வாத்து வேட்டைக்குப் போகிறவன். போன வருடம் அவன் தொலைபேசியில், “அப்பா, அடிபட்ட பறவை ஒன்று காயத்தோடு பறந்து போய் மக்காச்சோளக் காட்டுக்குள் விழுந்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் தேடியும் கிடைக்கவில்லை” என்றான். அவன் குரல் நன்றாக இருக்கவில்லை. அதுதான் இந்தக் கதைக்குத் தொடக்கம்.

அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கனகராயன்குளத்தில் எங்கள் அப்பாவிடம் ஒற்றைக் குழல் 12 போர் துவக்கு ஒன்று இருந்தது, பயிர்க் காவலுக்கு அனுமதி எடுத்தது. ஒருநாள் இரவு கச்சான் தோட்டத்துக்குள் வந்த பன்றிக்கு வைத்த வெடி சரியாகப் படவில்லை. அப்பா அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். திரும்பி வந்தவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, “சுடுகிறதென்றால் விழ வேண்டும். இல்லையென்றால் சுடக் கூடாது” என்றார். மகனிடமும் அதையேதான் சொன்னேன். சொன்ன பிறகு, விழுவதற்கு என்ன வழி என்று பார்க்க வேண்டியதும் என் பொறுப்பு என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்கு: வேட்டைத் துவக்கின் தோட்டாவுக்குள் ஒரு குண்டு இருப்பதில்லை, நிறையச் சன்னங்கள் இருக்கின்றன. குழலை விட்டு வெளியே வந்ததும் அவை பரவத் தொடங்கும். குழலின் வாயைக் கொஞ்சம் ஒடுக்கினால் பரவல் பிந்தும், தூரத்தில் சன்னங்கள் நெருக்கமாக இருக்கும். அந்த ஒடுக்கம்தான் சோக். இங்கிலாந்தில் 1866இலும் அமெரிக்காவில் 1868இலும் இதற்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவு பழைய விஷயம். அப்பாவின் துவக்கில் ஒடுக்கம் குழலோடு ஒன்றாகவே இருந்தது, மாற்ற முடியாது. இப்போதைய துவக்குகளில் குழல் வாயின் உள்ளே திரெட், அதாவது திருகுப் புரி வெட்டி, விரல் நீளத்தில் ஒரு உருக்குக் குழாயைத் திருகிப் போடுகிறார்கள். அதுதான் சோக் ரியூப். வேண்டியதுபோல் கழற்றி வேறு போடலாம்.

12 போர் குழலின் உள்விட்டம் கணக்குப்படி 0.729 அங்குலம், அதாவது 18.5 மில்லிமீற்றர். அதிலிருந்து 0.010 அங்குலம் ஒடுக்கினால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர், 0.020 ஒடுக்கினால் மொடிஃபைட், 0.035 அளவில் ஒடுக்கினால் ஃபுல் என்று பெயர். மில்லிமீற்றரில் சொன்னால் மொடிஃபைட் என்பது அரை மில்லிமீற்றர். 36 மீற்றருக்கு அப்பால் ஒரு பறவை விழுவதா, காயத்தோடு போவதா என்பதில் அரை மில்லிமீற்றருக்குப் பங்கிருக்கிறது என்றால் என்னைப்போல் அளவையில் வாழ்ந்தவனுக்கு அதை அளக்காமல் இருக்க முடியாது. போன ஓகஸ்டில் போகும்போது உள்விட்டம் அளக்கும் என் ரெலஸ்கோப் கேஜையும் மைக்ரோமீற்றரையும் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன்.

முதல் வேலை, துவக்கோடு கம்பனி தந்த ரியூப்பை அளந்தது. துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று மகன் பார்த்தான், பிறகு நானும் விரலை விட்டுப் பார்த்தேன். குழலின் உள்விட்டம் 0.731 அங்குலம். ரியூப்பின் மேல் மொடிஃபைட் என்று பொறித்திருந்தது. வாய் 0.717. ஒடுக்கம் 0.014 மட்டும்தான். மொடிஃபைட் என்றால் 0.020 இருக்க வேண்டும். ஐந்து தரம் அளந்தேன், கேஜைச் சுற்றித் திருப்பியும் அளந்தேன். அதேதான்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது, பெயர் ஒரு அளவு இல்லை. ஒடுக்கம் என்பது குழலின் விட்டத்துக்கும் ரியூப் வாயின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். குழல் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அகலமான குழலில் போட்டால் அதே ரியூப் இறுக்கமாக வேலை செய்யும், ஒடுக்கமான குழலில் தளர்வாக. அதனால் வாங்கும்போது பெயரைக் கேட்காதீர்கள், வாய் விட்டம் எத்தனை என்று கேளுங்கள். அதைச் சொல்லாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது திரெட். இதில்தான் ஆட்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். 12 போர் ரியூப் எல்லாம் 12 போர் துவக்குக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். மகனுடைய பம்ப் துவக்கு வின்சோக் என்ற திரெட் குடும்பத்தைச் சேர்ந்தது. வின்செஸ்டர், மொஸ்பேர்க் 500, பிரவுணிங்கின் பழைய இன்வெக்டர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆனால் இன்வெக்டர் பிளஸ் என்பது வேறு, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாறக் கூடாது. ரெமிங்டனுக்கு ரெம் சோக் என்று தனி. பெரெட்டாவில் மொபில் சோக் ஒன்று, ஒப்டிமா எச்பி இன்னொன்று. பெனெல்லியில் பழையதற்கு ஒரு வகை, கிரையோ குழலுக்கு வேறு வகை. குழலின் பக்கத்தில் பொறித்திருப்பதைப் படித்து எழுதிக்கொண்டு போங்கள். பிழையான ரியூப் சில வேளை இரண்டு மூன்று சுற்று உள்ளே போய் நிற்கும். அதை விசையால் திருகினால் குழலின் திரெட் போய்விடும். திரெட் சரியாக இருந்தும் ரியூப்பின் அடிப்பாகம் குழல் படியில் போய் உட்காராவிட்டால், வெடிக்கும்போது வாயு அந்த இடைவெளிக்குள் புகுந்து ரியூப்பையும் குழலையும் கிழிக்கும். நான் பட்டறையில் பார்த்த உடைந்த சாமான்களில் பாதிக்கு மேல் “போகுது, போகுது” என்று திருகினவைதான்.

மூன்றாவது சன்னம் எதனால் ஆனது என்பது. கனடாவில் 1999இலிருந்து இந்த வாத்துகளுக்கு ஈயச் சன்னம் பாவிக்க முடியாது. அமெரிக்காவில் நீர்ப்பறவைகளுக்கு 1991இலேயே நிறுத்திவிட்டார்கள். குளத்தின் அடியில் கிடக்கும் ஈயச் சன்னத்தைப் பறவைகள் கல் என்று விழுங்கி, ஈய நஞ்சால் செத்துப்போகின்றன. மிக நல்ல சட்டம். அதனால் அங்கே உருக்குச் சன்னம். உருக்கு நசியாது. ஈயம் ஒடுக்கத்தில் கொஞ்சம் நசிந்து வழிவிடும், உருக்கு அப்படியே வந்து ரியூப்பில் இடிக்கும். உருண்டையாகவே இருப்பதால் பரவலும் குறைவு. ஈயத்துக்கு ஃபுல் தருகிற நெருக்கத்தை உருக்குக்கு மொடிஃபைட்டே ஏறக்குறைய தந்துவிடும். ஆகையால் பெரிய உருக்குச் சன்னத்தை ஃபுல் சோக்கில் சுடக் கூடாது, உருக்குக்கென்று செய்து எழுதித் தந்த ரியூப்பாக இருந்தாலன்றி. இங்கே ஊரில் வயல் காவலுக்கு எஸ்ஜி, எல்ஜி, நாலாம் நம்பர் என்று ஈயத் தோட்டாவோடு பழகினவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது இதை மறந்துவிடுகிறார்கள். “ஃபுல் போடு தம்பி, தூரம் போகும்” என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, வாங்கியவை. ட்ரூலொக் என்ற ஜோர்ஜியா மாநிலக் கம்பனியின் பிரிசிஷன் ஹன்டர் வகையில் இரண்டு: ஒரு மொடிஃபைட், ஒரு இம்ப்ரூவ்ட் சிலிண்டர். மூன்றாவது மகனின் ஆசைக்கு. நெடுந்தூர வாத்துச் சோக் என்று விற்கப்படும், பக்கத்தில் வரிசையாகத் துளை போட்ட, கறுப்பு நிற ரியூப். விலை ட்ரூலொக் ஒன்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் கைக்கு வந்தது ஒரேயொரு ரியூப். அதை வைத்து ஒரு கம்பனியின் பேரைக் கெடுப்பது தொழில் செய்தவனுக்கு அழகில்லை.

மேசையில் மூன்றையும் வைத்து அளந்தேன். ட்ரூலொக் மொடிஃபைட்டின் வாய் 0.711, எங்கள் குழலுக்கு ஒடுக்கம் சரியாக 0.020. இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 0.721, ஒடுக்கம் 0.010. பெயரும் அளவும் ஒத்துப்போனது எனக்கு நிறைவாக இருந்தது. கேஜை உள்ளே விட்டுச் சுற்றும்போது எந்தப் பக்கமும் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. துருப்பிடிக்காத உருக்கு. திரெட்டின் முனைகள் நகத்தால் இழுத்தால் வழுக்குகின்றன, கீறவில்லை. குழலில் திருகும்போது கடைசிச் சுற்று வரைக்கும் இரண்டு விரல் போதுமாயிருந்தது, முடிவில் மெதுவாக உட்கார்ந்தது. நல்ல திரெட் அப்படித்தான் உட்காரும்.

நெடுந்தூர ரியூப்பின் வாய் 0.695. ஒடுக்கம் 0.036, ஃபுல்லின் அளவு. உருக்குக்குப் பாவிக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அளவில் குறையில்லை. ஆனால் அதன் உள்பக்கத்தை மருமகளின் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் ஒரு சுற்றுத் துடைத்தேன். பட்டறையில் ஒயில் துளை வெட்டின பிறகு நான் எப்போதும் செய்கிற சோதனை அது. குச்சியை வெளியே எடுத்தபோது பஞ்சு இழுபட்டுத் தும்பாக நின்றது. மின்சூளை அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு துளைகளில் ஐந்தின் உள்விளிம்பில் வெட்டுப் பிசிறு அப்படியே இருந்தது, முடி நுனி அளவுக்கு. துளை வெட்டினவர் உள்ளே ஒருமுறை ரீமர் ஓட்டியிருந்தால் போயிருக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் பெட்டியில் போட்டு இரட்டை விலைக்கு விற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. மகனிடம் காட்டினேன். “அப்பா, சுட்டுப் பார்ப்போம். கடதாசி சொல்லட்டும்” என்றான். சரியான பேச்சு.

சுட்டது மகனின் நண்பர் ஒருவரின் பண்ணையில், பின்னால் மண்மேடு உள்ள இடத்தில். துவக்கு முழுநேரமும் மகனின் பொறுப்பில். மேசையில் மணல் பையை வைத்து அதில் குழலைச் சாய்த்துச் சுட்டோம், தோளின் ஆட்டம் கணக்கில் சேரக் கூடாது என்பதற்காக. தூரம் 40 யார், அதாவது 36.6 மீற்றர், நாடா பிடித்து அளந்தது. தோட்டா எல்லாம் ஒரே பெட்டிக்கணக்கு: 3 அங்குலம், ஒன்றேகால் அவுன்ஸ், இரண்டாம் நம்பர் உருக்கு. மூன்று தோட்டாவை வெட்டித் திறந்து சன்னத்தை எண்ணினேன். 153, 156, 158. கணக்குக்கு 156 என்று வைத்துக்கொண்டேன். இம்ப்ரூவ்ட் சிலிண்டரைத் தவிர ஒவ்வொரு ரியூப்புக்கும் ஐந்து தாள், ஒரு தாளுக்கு ஒரு வெடி. ஒரு தாளை வைத்து முடிவுக்கு வரவே முடியாது, அது பிறகு உங்களுக்கும் விளங்கும். என் தோளுக்கு எட்டு வெடியே போதும் என்றாகிவிட்டது. மிச்சத்தை மகன் சுட்டான். வெடிக்கு வெடி ரியூப்பைக் கையால் தொட்டு இறுக்கம் பார்த்தோம், தளர்ந்த ரியூப்பில் சுடுவது துவக்குக்குக் கேடு.

எண்ணும் முறை பழையது, எல்லாரும் செய்வதுதான். சன்னங்கள் அதிகம் குவிந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் கீறி, உள்ளே உள்ள ஓட்டைகளை எண்ண வேண்டும். 40 யாரில் இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு நூற்றுக்கு 50, மொடிஃபைட்டுக்கு 60, ஃபுல்லுக்கு 70 என்பது நெடுநாள் வழக்கு, அது ஈயச் சன்னத்துக்கு வந்த கணக்கு.

அங்கே அவசரத்தில் எண்ண எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் தாள்கள் வெள்ளவத்தைக்கு வந்தன. இங்கே காலையில் கடற்கரைப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்க, தாளை மேசையில் விரித்து நாலு மூலையிலும் அரிசிப் போத்தலும் கறித்தூள் போத்தலும் வைத்து, எண்ணின ஓட்டையைச் சிவப்புப் பேனையால் சுழித்துக்கொண்டே போனேன். இரண்டாம் நாள் மனைவி வந்து, “இஞ்சருங்கோ, நான் ஒரு பக்கம் எண்ணுறன், நீங்கள் மற்றப் பக்கம் எண்ணுங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எண்ணினதும் நான் எண்ணினதும் ஒன்றாக வராத தாளை மறுபடி எண்ணினோம்.

கம்பனி ரியூப்: 88, 95, 91, 97, 84. சராசரி 91, நூற்றுக்கு 58. ஒடுக்கம் 0.014 என்று அளந்த ரியூப்புக்கு அது நேர்மையான விளைச்சல்.

ட்ரூலொக் மொடிஃபைட்: 104, 109, 102, 111, 106. சராசரி 106, நூற்றுக்கு 68.

நெடுந்தூர ரியூப்: 131, 89, 122, 97, 126. சராசரி 113, நூற்றுக்கு 72.

சராசரியை மட்டும் பார்த்தால் மூன்றாவது வென்றது. விளம்பரங்களில் எழுதுவதும் அந்த ஒரு எண்ணைத்தான். ஆனால் ஐந்து எண்ணையும் வரிசையாகப் பாருங்கள். ட்ரூலொக்கில் நல்ல தாளுக்கும் மோசமான தாளுக்கும் இடையில் 9 சன்னம். மற்றதில் 42. மேலே பறக்கிற வாத்துக்குச் சராசரி கிடைப்பதில்லை, ஒரு வெடிதான் கிடைக்கும். அது 131ஆ 89ஆ என்று தெரியாமல் விசையை இழுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிசிறுதான் காரணமா, இல்லை இந்தத் தோட்டாவுக்கு 0.036 அதிகமா என்பதைப் பிரித்தறிய இன்னும் இரண்டு பெட்டித் தோட்டா வேண்டும். மகனுக்கு வேண்டிய முடிவுக்கு அது தேவைப்படவில்லை.

எண்ணிக்கைக்கு மேலே ஒரு சோதனை இருக்கிறது, அது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசு ஒன்றை எடுத்தேன், குறுக்களவு 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த வாத்தின் நெஞ்சும் கழுத்தடியும் ஏறக்குறைய அந்தப் பரப்புத்தான். வட்டத்துக்குள்ளே பீரிசை மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், எந்த இடத்தில் வைத்தால் அதன் அடியில் மூன்று ஓட்டைக்குக் குறைவாக வருகிறதோ அங்கே சுற்றிக் கோடு கீறினேன். அவை பறவை காயத்தோடு தப்பிப்போகிற இடங்கள்.

கம்பனி ரியூப்பின் தாள்களில் இப்படி நாலு முதல் ஆறு வட்டம் வந்தது, அதிகமும் ஓரத்தில். ட்ரூலொக்கில் ஒன்று, இரண்டு, ஒன்று, இல்லை, இரண்டு. அந்த “இல்லை” என்ற தாளுக்கு 9 என்று இலக்கம் போட்டிருந்தேன். 111 ஓட்டையும் வட்டம் முழுவதும் விதைத்ததுபோல் கிடந்தன. நெடுந்தூர ரியூப்பின் தாள்களில் நடுவில் ஓட்டையோடு ஓட்டை ஒட்டிக் கடதாசியே கிழிந்திருந்தது, அதைச் சுற்றி வெறுமையான பட்டை, பிறகு ஓரத்தில் சிதறல். 131 வந்த தாளில்கூட மூன்று பீரிசு வட்டம். நடுவில் பட்டால் இறைச்சி சல்லடையாகும், ஒரு சாண் தள்ளிப் பட்டால் பறவை போய்விடும்.

அந்த ரியூப்பில் இன்னொன்றும் இருந்தது. குவியலின் மையம் ஐந்து தாளிலும் குறிவைத்த புள்ளிக்கு இடப்பக்கமும் மேலேயுமாக, 18 சென்ரிமீற்றர் தள்ளி விழுந்திருந்தது. மற்ற ரியூப்புகளில் 5 சென்ரிமீற்றருக்குள். அதே துவக்கு, அதே மணல் பை. அப்படியென்றால் ரியூப்பின் துளையும் வெளித் திரெட்டும் ஒரே மையத்தில் இல்லை. லேத்தில் ஒரு பக்கம் வெட்டி, கழற்றித் திருப்பிப் பிடித்து மற்றப் பக்கம் வெட்டும்போது மையம் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் வரும். எங்கள் பட்டறையில் பழகவந்த பெடியள் முதல் வருடத்தில் செய்கிற பிழை, அவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்க நான் பட்ட பாடு இப்போதும் ஞாபகம். மகன் கடைக்குக் கொண்டுபோனான். சுட்ட ரியூப்பைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். அந்தக் காசு போனது போனதுதான். நீங்கள் வாங்க முன்னம், சுட்டுப் பார்த்த பிறகும் திருப்பித் தரலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு 40 யாரில் மூன்று தாள் மட்டும் சுட்டோம், 80ஐச் சுற்றி வந்தது. அதன் வேலை அங்கே இல்லை. பொம்மை வாத்து வைத்து, பறவை இறங்க வரும்போது சுடுகிற 25 யார் தூரத்துக்கு அது. அந்தத் தூரத்தில் மொடிஃபைட்டுக்கும் இதற்கும் மூன்று மூன்று தாள் சுட்டோம். மொடிஃபைட்டில் நடு அடர்த்தி தேவைக்கு மேலே இருந்தது. இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் வட்டம் நிறைந்து, பீரிசை எங்கே வைத்தாலும் நாலுக்குக் குறையவில்லை. அப்புறம் மகனிடம் கேட்டேன், “நீ உண்மையில் எத்தனை யாரில் சுடுகிறாய்?” யோசித்துவிட்டு, “அநேகமாக முப்பதுக்குள்ளே” என்றான். எல்லாரும் நாற்பது ஐம்பதுக்கு ரியூப் தேடுகிறார்கள், பறவை விழுவது முப்பதுக்குள். காயத்தோடு போன அந்தப் பறவைக்கு எத்தனை யார் இருந்திருக்கும் என்று கேட்டேன். வயலில் அவன் நின்ற இடத்திலிருந்து வேலிக் கம்பம் வரைக்கும் பிறகு போய் அளந்து வந்தான். 52.

அதைக் கேட்டபோது இந்த விமர்சனத்தில் பாதி தேவையில்லை என்று தோன்றியது. எந்த ரியூப்பைப் போட்டிருந்தாலும் அந்த வெடி வைத்திருக்கக் கூடாத வெடி. அவனே அதைச் சொன்னான், நான் சொல்லவில்லை.

பக்கத்துளை போட்ட ரியூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. துவக்கின் உதைப்பு குறையும் என்கிறார்கள். என் தோளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கு நிச்சயமாகக் கூடுகிறது, காது மூடி இல்லாமல் நிற்கவே கூடாது. துளைக்குள் கரியும் பிளாஸ்ரிக்கும் ஒட்டும், கழுவ நேரமெடுக்கும். எனக்கு வேண்டாம். குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரியூப் நல்லது, ட்ரூலொக் இரண்டும் அப்படித்தான். கையால் பிடித்துக் கழற்றலாம், குளிரில் சாவி தேட வேண்டியதில்லை. குழலின் வாய் எங்கேயாவது முட்டினாலும் அடி ரியூப்புக்குத்தான், குழலுக்கு இல்லை. துவக்கு ஒரு அங்குலத்துக்குள் நீளும், அதற்கேற்ற உறை இருக்கிறதா என்று பாருங்கள். நிறம், மேலே பொறித்த வாத்துப் படம் எல்லாம் கணக்கில் இல்லை.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். உருக்குக்குள் உருக்கு, ஈரம், கரி. மூன்றும் சேர்ந்தால் ரியூப் குழலோடு பிடித்துவிடும். ஒவ்வொரு வேட்டை நாளுக்குப் பிறகும் கழற்றி, திரெட்டைப் பழைய பல்துலக்கியால் துடைத்து, இறுகாமல் தடுக்கும் கிறீஸ் கொஞ்சம் தடவிப் போட வேண்டும். கொஞ்சம் என்றால் திரெட்டின் பள்ளம் நிறையாமல் மினுங்குகிற அளவு. ரியூப் இல்லாமல் வெறும் குழலில் ஒருபோதும் சுடக் கூடாது, குழலின் திரெட் அன்றோடு முடிந்தது. கழற்றிப் போடும் ஒவ்வொரு தடவையும் முதலில் துவக்கைத் திறந்து வெறுமையா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்த பிறகும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

விலை: ட்ரூலொக் ஒன்றுக்கு வரியோடு 90 கனேடிய டொலருக்குக் கொஞ்சம் கீழே கொடுத்தோம். இரண்டு ரியூப், சோதனைக்குத் தோட்டா, கடதாசிச் சுருள் எல்லாம் சேர்த்தால் சின்னக் காசில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், முப்பது யாருக்குள்ளே சுடுகிறவருக்கு நான் இம்ப்ரூவ்ட் சிலிண்டரைச் சொல்வேன். கையில் உள்ள கம்பனி ரியூப் உங்கள் தூரத்தில் தாளை நிறைக்கிறது என்றால் எதையும் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள். இதை எழுதக் காரணம், பஞ்சிகாவத்தையில் எனக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் போன கிழமை வந்து, “அண்ணை, அவுஸ்திரேலியாவில் மருமகனும் இப்படி ஒன்று வாங்கப் போகிறாராம், எதை வாங்கச் சொல்ல?” என்று கேட்டது. அவருக்குத் தாள்களை விரித்துக் காட்டினேன். மருமகனின் துவக்கின் திரெட் என்ன, சன்னம் என்ன, எத்தனை யாரில் சுடுகிறார் என்று மூன்று கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

நேற்றிரவு மகன் தொலைபேசி எடுத்தான். விடியற்காலையில் இம்ப்ரூவ்ட் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு போனானாம். இரண்டு பறவை, இரண்டும் 28 யாருக்குள், இரண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. மூன்றாவது கூட்டம் தூரத்தில் போனது, துவக்கைத் தூக்கவில்லை என்றான். பிறகு, “அப்பா, அந்த 9ஆம் தாளை மட்டும் எறிந்துவிடாதீங்கோ” என்றான். மற்ற 23 தாளையும் மனைவி பழைய பேப்பர்காரருக்குக் கட்டி வைத்துவிட்டார். 9ஆம் தாள் அலுமாரிக்கு மேலே, அப்பாவின் துவக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிற பழைய கோவைக்குப் பக்கத்தில்.